எமல்ஷன் முதலில், திக்கனர் கடைசியில்: நீர் சார்ந்த சுவர்ப் பெயிண்ட் தயாரிக்கத் தொடங்குவோருக்கு

கடலூர் சிப்காட் பக்கத்திலோ, புதுச்சேரியின் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளிலோ ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து, நீர் சார்ந்த சுவர்ப் பெயிண்ட் தயாரிக்க முனைகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்கும் கேள்வி, “நூறு கிலோவுக்குத் திக்கனர் எவ்வளவு போட வேண்டும்?” என்பதுதான். திக்கனர் என்பது பெயிண்டைக் கெட்டியாக்கும் பொருள். அந்தக் கேள்விக்கு ஓர் எண்ணைச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த எண் அவர்கள் பயன்படுத்தும் தண்ணீருக்கும், வாங்கிவைத்திருக்கும் எமல்ஷனுக்கும், பொருள்களைச் சேர்க்கும் வரிசைக்கும் பொருந்திவரும் என்று யாராலும் உறுதி கூற இயலாது. பெயிண்டின் கெட்டித்தன்மை என்பது அதற்கு முன் எடுத்த எல்லா முடிவுகளின் விளைவு. திக்கனர் அந்த விளைவைச் சற்றே திருத்தித் தரும் பொருள், அவ்வளவுதான். எனவே இக்கட்டுரை தண்ணீரில் தொடங்கித் திக்கனரில் முடிகிறது.

தண்ணீர்

நம் கடலோரத்துப் போர் தண்ணீரில் பல இடங்களில் உப்பும் கடினத்தன்மையும் கூடுதல். எமல்ஷன் என்பது மைக்ரானில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்று பங்கு வரையிலான அளவுடைய பாலிமர்த் துகள்கள் நீரில் மிதக்கும் பால் போன்ற திரவம். பெயிண்டுக்குப் பயன்படும் எமல்ஷன்களில் பெரும்பாலானவற்றின் துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டிருப்பதால் ஒன்றையொன்று விலக்கி நிற்கின்றன. கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் அந்த விலக்கு விசையைக் குலைத்துவிடுவதால், துகள்கள் ஒட்டிக்கொண்டு திப்பிதிப்பியாகத் திரிகின்றன. வீட்டில் ஹேண்ட்வாஷ் தயாரித்துப் பழகியவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதில் சமையல் உப்பைச் சேர்த்தால் திரவம் கெட்டியாகிறது, ஆனால் அதே உத்தியை எமல்ஷனில் கையாண்டால் கெட்டியாவதற்குப் பதில் திரிந்துபோகவே வாய்ப்பு அதிகம்.

நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். பேனா ஒன்றும், கடினத்தன்மை பார்க்கும் சொட்டுக் கிட் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். கடினத்தன்மை லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. பார்முலாவில் சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட் சிறிதளவு சேர்ப்பது கால்சியத்தைக் கட்டிப்போடும். ஆயினும் அது மிதமான கடின நீருக்கான துணையே தவிர, உப்பு நீருக்கு மருந்தன்று.

எமல்ஷனைத் தேர்ந்தெடுத்தல்

சந்தையில் கிடைப்பவற்றைப் புதியவர் நான்கு வகையாகப் பிரித்து நினைவில் வைத்தால் போதும். வினைல் அசிட்டேட் மட்டும் கொண்டது மரப் பசைக்கு ஏற்றது. சுவரில் உள்ள காரத்தைத் தாங்காமல் சிதைந்துவிடும். வினைல் அசிட்டேட்டுடன் அக்ரிலேட் சேர்ந்தது உட்புற மலிவுப் பெயிண்டுக்குப் பயன்படும். ஸ்டைரீன் அக்ரிலிக் காரத்தையும் நீரையும் நன்கு தாங்கும், விலையும் கட்டுப்படியாகும், ஆனால் ஸ்டைரீன் வெயிலில் மஞ்சளிக்கவும் பொடியாக உதிரவும் இடம் தருவது. தூய அக்ரிலிக், 1953-இல் ரோம் அண்டு ஹாஸ் நிறுவனம் பெயிண்டுக்கென அறிமுகப்படுத்திய நாளிலிருந்து, வெளிச்சுவருக்கு நம்பத்தக்கதாக இருந்துவருகிறது. நம் ஊர் வெயிலையும் உப்புக் காற்றையும் கருதினால், தொடக்கத்தில் ஸ்டைரீன் அக்ரிலிக்கைக் கொண்டு உட்புறப் பெயிண்டை மட்டும் செய்து பழகி, வெளிப்புறப் பெயிண்டைத் தூய அக்ரிலிக் வாங்கும் வசதி வந்த பிறகு தொடங்குவது முறையாக இருக்கும்.

புதுச்சேரியின் பழைய வீடுகளுக்கு விற்க எண்ணுகிறவர்கள் மற்றொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். அவற்றில் பலவும் சுண்ணாம்புப் பூச்சுச் சுவர்கள். காரம் மிகுந்தவை, ஈரத்தை உள்வாங்கி வெளிவிடுபவை. அங்கே வினைல் அசிட்டேட் பைண்டர் (நிறமியைச் சுவரில் பிடித்துவைக்கும் பாலிமர்) நிற்காது. எமல்ஷன் அதிகமாக உள்ள பளபளப்புப் பெயிண்டும் ஈரத்தை அடைத்துக் கொப்புளமாக எழும். எமல்ஷன் அளவாகவும், நிறமியும், கால்சியம் கார்பனேட் போன்ற பொடியான நிரப்பியும் கூடுதலாகவும் உள்ள, பளபளப்பில்லாத மட்டுப் (matt) பெயிண்டே அச்சுவர்களுக்கு ஏற்றது.

எமல்ஷனின் தகவல் தாளில் ‘எம்.எப்.எப்.டி.’ என்றொரு வெப்பநிலை இருக்கும். அதற்குக் கீழே குளிர்ந்த சுவரில் துகள்கள் ஒன்றாக இணைந்து படலமாகாமல் வெடிப்புவிட்டு நிற்கும். வடமாநிலத்துக் குளிருக்கென எழுதப்பட்ட பார்முலாக்களில் இதற்காக டெக்ஸனால் போன்ற கோலசென்ட் (துகள்களை இளக்கி இணையவைக்கும் பொருள்) நிறையச் சேர்க்கச் சொல்வார்கள். நமக்கு அவ்வளவு தேவைப்படுவதில்லை. ஆனால் ஈரம் ஆவியாகும்போது சுவர் காற்றைவிடக் குளிர்ந்திருக்கும் என்பதால், மார்கழி விடியற்காலையையும் மனத்தில் வைத்துச் சிறிதளவு சேர்த்துக்கொள்வதே பாதுகாப்பு. கோலசென்ட்டுக்கு அஞ்சி மிக மென்மையான எமல்ஷனை வாங்கிவிடாதீர்கள். அதன் படலம் சித்திரை வெயிலில் பிசுபிசுத்து, தெருப் புழுதியைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

தகவல் தாள் தர மறுக்கும் விற்பனையாளரிடம் எமல்ஷன் வாங்கவே வேண்டாம். தாள் கிடைத்தாலும் சோதித்துப் பார்த்தே டிரம்மை இறக்க வேண்டும். சோதனை எளிது. ஒரு சிறு அலுமினியக் கிண்ணத்தை எடை போட்டு, அதில் 2.00 கிராம் எமல்ஷனை மெல்லிய படலமாகப் பரப்பி, 105 டிகிரி செல்சியஸ் அவனில் ஒரு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு மீண்டும் எடை பார்க்க வேண்டும். 1.00 கிராம் மிஞ்சினால் திடப்பொருள் 50%, 0.90 கிராம் மிஞ்சினால் 45%. வேறுபாடு சிறிதாகத் தோன்றும். ஆனால் கிலோ 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முதலாவதில் ஒரு கிலோ உலர்ந்த பைண்டருக்கு 200 ரூபாயும் இரண்டாவதில் ஏறத்தாழ 222 ரூபாயும் கொடுக்கிறோம். அதைவிட மோசம், நீர்த்த எமல்ஷனால் பேட்ச் தளர்ந்துபோக, புதியவர் காரணம் புரியாமல் திக்கனரைக் கூட்டிக்கொண்டே போவார். பெயிண்ட் டப்பாவில் கெட்டியாக இருக்கும். சுவரில் கையோடு ஒட்டிக்கொண்டு வரும்.

திக்கனர் வகைகள்

பெயிண்டுக்கு ஒரே ஒரு கெட்டித்தன்மை இல்லை. எந்த வேகத்தில் அதை அசைக்கிறோம் என்பதைப் பொறுத்து அது மாறுகிறது. டப்பாவில் அசையாமல் நிற்கும்போது கெட்டியாக இருந்தால்தான் நிறமி அடியில் படியாது. குச்சியால் கலக்கும்போது தெரியும் நடுத்தரக் கெட்டியைத்தான் வாடிக்கையாளர் பார்த்துத் தரம் என்று எண்ணுகிறார். பிரஷ் சுவரில் வேகமாக ஓடும்போது உள்ள கெட்டிதான், எவ்வளவு கனமான பூச்சு சுவரில் தங்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. இம்மூன்றையும் ஒரே திக்கனர் தந்துவிடுவதில்லை.

எச்.இ.சி. எனப்படும் ஹைட்ராக்ஸி எத்தில் செல்லுலோஸ் பொடியாக வருவது. நிற்கும்போது நல்ல கெட்டியைத் தரும், நிறமியைத் தாங்கும், பல எமல்ஷன்களோடும் ஒத்துப்போகும். பிரஷ் வேகத்தில் தளர்ந்துவிடுவதாலும், ரோலரில் துளி தெறிப்பதாலும் அதை மட்டும் நம்பினால் பூச்சு மெல்லியதாகவே அமையும். நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிடும் என்பது அதன் மற்றொரு குறை.

ஹேஸ் எனப்படும் அக்ரிலிக் திக்கனர் எமல்ஷனைப் போலவே பாலாக வரும்; பி.எச். மூன்றுக்கு அருகில் இருக்கும், பெரும்பாலும் திடப்பொருள் 30% அளவில் இருக்கும். டப்பாவில் தண்ணீராக ஓடும் இது, காரம் ஏறியவுடன் விரிந்து கெட்டியாகிறது. மலிவானது, நுண்ணுயிரால் கெடாதது. ஆனால் உப்பையும், பி.எச். இறங்குவதையும் தாங்காது.

ஹியூர் எனப்படும் யூரித்தேன் வகை, எமல்ஷன் துகள்களையே ஒன்றோடொன்று பிணைத்துக் கெட்டியை உண்டாக்குகிறது. பிரஷ் தடம் சமப்படுவதும், ரோலர் தெறிக்காமல் இருப்பதும் இதனால் கிடைக்கும் நன்மைகள். ஆனால் விலை கூடுதல். கோலசென்ட், சர்பேக்டன்ட் (சோப்பைப் போல நனைக்கும் பொருள்), டின்டிங் நிறச் சாயம் எது மாறினாலும் இதன் கெட்டி மாறிவிடும். புதிதாகத் தொடங்குகிறவர் எச்.இ.சி.யையும் ஹேஸையும் சேர்த்துக் கையாளப் பழகிய பிறகு ஹியூருக்குப் போவதே சரி.

ஒரு பார்முலா

கீழே வருவது உட்புறச் சுவருக்கான மலிவு விலை மட்டுப் பெயிண்டின் தொடக்கப் பார்முலா. நேராக நூறு கிலோ போடாமல், இதே விகிதத்தில் ஒரு கிலோவாகப் பலமுறை செய்து பார்த்த பிறகே டிரம்மில் கை வைக்க வேண்டும். தண்ணீர் 32 கிலோ, டப்பாக் காப்புப் பொருள் (நுண்ணுயிரைத் தடுப்பது) 0.2, ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட் 0.1, எச்.இ.சி. 0.4, 25% அம்மோனியா 0.1, பாலி அக்ரிலேட் டிஸ்பர்சன்ட் (நிறமித் துகள்களைப் பிரித்துவைப்பது) 0.5, வெட்டிங் ஏஜென்ட் (பொடியை நனையவைப்பது) 0.2, டிபோமர் (நுரையை அடக்குவது) 0.3, டைட்டானியம் டைஆக்சைடு 10, கால்சியம் கார்பனேட் 22, சீனக் களிமண் 10, டால்க் 4, 50% ஸ்டைரீன் அக்ரிலிக் எமல்ஷன் 16, கோலசென்ட் 0.8, ஹேஸ் 0.4, அதைக் கரைக்கத் தண்ணீர் 3. ஆக மொத்தம் 100 கிலோ. ஒவ்வொரு பொருளையும் அதன் அடர்த்தியால் வகுத்துப் பார்த்தால், நிறமியும் நிரப்பியும் சேர்ந்து ஏறத்தாழ 16 லிட்டர், உலர்ந்த பைண்டர் ஏழரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. உலர்ந்த படலத்தில் நிறமியின் கன அளவு 68% ஆகிறது. கழுவித் துடைக்கத்தக்க பெயிண்ட் வேண்டுமானால் எமல்ஷனைக் கூட்டி, நிரப்பியைக் குறைத்து, இந்த விகிதத்தை ஐம்பதுக்கு அருகில் கொண்டுவர வேண்டும். நூறு கிலோ என்பது சுமார் 69 லிட்டர்தான் என்பதை விலை கணக்கிடும்போது மறந்துவிடாதீர்கள். வாங்குவது கிலோவில், விற்பது லிட்டரில்.

செய்முறை

தண்ணீரை எஃகு அல்லது பிளாஸ்டிக் கலத்தில் எடுத்து, எல்லாவற்றுக்கும் முன்பாகக் காப்புப் பொருளைச் சேர்க்க வேண்டும். பலரும் இதைக் கடைசியில் சேர்க்கிறார்கள், அது தவறு. தண்ணீரில் உள்ள பாக்டீரியா செல்லுலேஸ் என்ற நொதியைச் சுரந்துவிட்டால், பின்னர் பாக்டீரியாவைக் கொன்றாலும் அந்த நொதி உயிரோடிருப்பதைப் போலவே எச்.இ.சி.யை அறுத்துக்கொண்டிருக்கும், பெயிண்ட் கடைக்குப் போன பிறகு டப்பாவிலேயே நீர்த்துவிடும். சி.எம்.ஐ.டி. வகைக் காப்புப் பொருளைக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. தோலில் ஒவ்வாமையை உண்டாக்குவது அது.

அடுத்து எச்.இ.சி. இதில்தான் புதியவர்கள் அதிகம் திணறுகிறார்கள். கேழ்வரகு மாவைக் கொதிக்கும் நீரில் நேராகக் கொட்டினால், வெளிப்புறம் வெந்து உள்ளே பொடியாகவே நிற்கும் கட்டிகள் எப்படி உண்டாகின்றனவோ, அப்படியே கார நீரில் கொட்டிய எச்.இ.சி.யும் மீன் முட்டை போன்ற கட்டிகளாக நின்றுவிடும். பெயிண்டுக்கான எச்.இ.சி.யில் கரைவதைத் தாமதப்படுத்தும் மேற்பூச்சு இருக்கிறது, பி.எச். ஏழையொட்டி இருக்கும்வரை அது பொடியைக் கரையவிடாது, நனைய மட்டும் விடும். ஆகவே முதலில் தண்ணீரின் பி.எச். பார்த்துவிட்டு, மிதமான வேகத்தில் சுழலும் நீரின் சுழிப்பில் பொடியைச் சல்லடையால் தூவுவது போலத் தூவ வேண்டும். கலத்தின் ஓரத்தில் படிந்ததை வழித்துவிட்டு, பொடி முழுவதும் பிரிந்து நனைந்த பிறகே அம்மோனியாவை ஊற்ற வேண்டும். ஊற்றிய சிறிது நேரத்தில் சுழிப்பு ஆழம் குறைந்து, நீரின் ஓசை மந்தமாகி, கண்ணாடி போன்ற கூழாக மாறுவதைக் காணலாம். இருபது நிமிடம் ஓடவிட்டு, சிறிது கூழைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து வெளிச்சத்தில் பாருங்கள். புள்ளிகள் தெரிந்தால் இன்னும் கரையவில்லை. அந்த நிலையில் நிறமியைப் போட்டுவிட்டால் அப்புள்ளிகள் சுவர்வரை வந்து சேரும்.

இதன் பிறகே ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட், டிஸ்பர்சன்ட், வெட்டிங் ஏஜென்ட், டிபோமரில் பாதி ஆகியவை வரிசையாகச் சேர வேண்டும். அடுத்து டைட்டானியம் டைஆக்சைடையும், பின்னர் நிரப்பிகளையும் போட்டு, டிஸ்பர்சர் எனப்படும் அதிவேகக் கலக்கியை முழு வேகத்துக்கு ஏற்ற வேண்டும். தகட்டின் விளிம்பு வேகம் நொடிக்கு 20 மீட்டருக்குக் குறையக் கூடாது, 20 செ.மீ. விட்டமுள்ள தகடு நிமிடத்துக்கு 2000 சுற்றுச் சுழன்றால் இது கிடைக்கும். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் துகள்கள் எவ்வளவு நுண்மையாகப் பிரிந்துள்ளன என்பதைக் காட்டும் ஹெக்மன் அளவியில் 5 காட்டினால் மட்டுப் பெயிண்டுக்குப் போதும்.

இந்த வேகத்தில் எமல்ஷனை ஒருபோதும் ஊற்றக் கூடாது. வேகத்தைக் குறைத்து, கலவை ஆறிய பிறகு, மீதி டிபோமரையும் எமல்ஷனையும் மெதுவாகச் சேர்க்க வேண்டும். கோலசென்ட்டை நூலிழை போல ஊற்றுவது அவசியம். ஒரே இடத்தில் குபுக்கென்று கொட்டினால் அங்கேயே எமல்ஷன் திரிந்து, வடிகட்டித் துணியில் ரப்பர்த் துணுக்குகளாக நிற்கும்.

இனித்தான் ஹேஸ். முதலில் பி.எச். பாருங்கள். 8.5-க்கும் 9-க்கும் இடையில் இருக்க வேண்டும். குறைந்தால் நீர்த்த அம்மோனியாவால் சரிசெய்த பிறகே தொடர வேண்டும். 0.4 கிலோ ஹேஸை 3 கிலோ தண்ணீரில் கரைத்து, கலவை புரண்டுகொண்டிருக்கும்போது சிறு தாரையாக ஊற்றுங்கள். பி.எச். தாழ்ந்திருக்கும்போது ஊற்றினால் என்ன நடக்கும் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது: எதுவுமே நடக்காது. ஊற்றியவர் போதவில்லை என்று மேலும் ஒரு பங்கு ஊற்றுவார், இன்னும் ஒரு பங்கும் ஊற்றுவார். பிறகு யாரோ பி.எச். தாளைக் காட்ட, அம்மோனியா சேரும். அதுவரை உறங்கிக்கிடந்த திக்கனர் அத்தனையும் ஒரே நேரத்தில் விரிந்து, மிக்ஸர் தண்டு சுழல முடியாத களியாகிவிடும். அந்தப் பேட்சை மீட்பது கடினம்.

கெட்டியை உடனே அளந்து முடிவு செய்யாதீர்கள். ஸ்டார்மர் கருவியில் 95 முதல் 105 கிரெப்ஸ் அலகு வரை இருப்பது சுவர்ப் பெயிண்டுக்கு ஏற்றது. ஆனால் கலக்கி முடித்தவுடன் காட்டும் எண் ஓர் இரவு கழிந்து உயரக்கூடும். மாலையில் 92 காட்டுகிறது என்று திக்கனர் கூட்டினால், காலையில் 110-ஐத் தாண்டி நிற்கலாம். மறுநாள் அளந்து, தேவையானால் மட்டும் திருத்துவதே முறை.

கெட்டி மாறினால்

மே மாதத்தில் தகரக் கொட்டகைக்குள் மூடி சரியாகப் பொருந்தாத டிரம்மில் இருக்கும் பெயிண்ட் தளர்ந்துபோனால், பெரும்பாலும் அம்மோனியா ஆவியாகிப் பி.எச். இறங்கியிருக்கும். அதற்குத் தேவை அம்மோனியாவே, திக்கனர் அன்று. அம்மோனியாவின் நெடி பிடிக்காமல் காஸ்டிக் சோடாவுக்கு மாறுகிறவர்கள் உண்டு; அது ஆவியாகாது என்பது உண்மைதான், ஆனால் படலத்திலேயே தங்கி நீர் தாங்கும் தன்மையைக் குறைத்துவிடும். ஏ.எம்.பி. எனப்படும் அமீனைப் பயன்படுத்துவது அதைவிட மேல். பி.எச். சரியாக இருந்தும் பெயிண்ட் தளர்ந்து, திறந்தவுடன் அழுகல் நாற்றமும் வந்தால், நுண்ணுயிர் புகுந்துவிட்டது. அந்த டப்பாவை நல்ல பெயிண்டோடு கலந்து கரைசேர்க்க நினைப்பது அடுத்த பேட்சையும் கெடுக்கும். மேலே தண்ணீர் தெளிந்து கீழே நிறமி தங்கினால் எச்.இ.சி. குறைவு அல்லது டிஸ்பர்சன்ட் மிகுதி. இரும்பு டிரம்மில் வைத்த எமல்ஷன் துருவால் நிறம் மாறி, திரியவும் கூடும்.

ஒவ்வொரு பேட்சிலும் ஒரு லிட்டரை மூடி வைத்து, இன்னொரு அரை லிட்டரை 50 டிகிரி அவனில் இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். கெட்டி பத்து கிரெப்ஸ் அலகுக்கு மேல் மாறாமல் இருந்தால் நம் ஊர்க் கோடையைத் தாங்கும் என்று ஓரளவு நம்பலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் வரும் புகார் வேறு வகையானது. புதிதாக அடித்த சுவரில் ஈரப்பதத்தால் பூச்சு காயத் தாமதமாகும். அதற்குள் சாரல் பட்டால் சர்பேக்டன்ட் கசிந்து பழுப்புக் கோடுகளாக வழியும். டிஸ்பர்சன்ட்டையும் வெட்டிங் ஏஜென்ட்டையும் அளவுக்கு மேல் போட்டவர்களுக்கு இது கூடுதலாக நேரும். அடர் நிறங்களில் மேலும் தெளிவாகத் தெரியும் என்பதால், அம்மாதங்களில் வெளிச்சுவருக்கு அடர் நிறம் கேட்கும் வாடிக்கையாளரிடம், மேஸ்திரி சொன்னாலும் கேட்காமல், மழை விட்ட பிறகு அடிக்கச் சொல்லிவிடுங்கள்.

அனுமதிகளும் கழுவிய நீரும்

கடலூரில் தொழில் செய்கிறவர் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும், புதுச்சேரியில் செய்கிறவர் புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவிடமும் நிறுவவும் இயக்கவும் இசைவு பெற வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற 2016-ஆம் ஆண்டு விதி, 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. மஞ்சள், ஆரஞ்சு நிறச் சாயங்களை வாங்கும்போது ஈயக் குரோமேட் இல்லை என்பதற்கான சோதனைச் சான்றைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்டுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 15489, அதிலுள்ள சோதனைகளைப் படித்துவிட்டால், பெரிய வாடிக்கையாளர் எதைக் கேட்பார் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

கலத்தைக் கழுவிய வெண்ணீரைச் சாக்கடையில் விடக் கூடாது. முதல் கழுவலில் வரும் நீரில் காப்புப் பொருள் சேர்த்து, மூடிய கேனில் நிறத்தையும் தேதியையும் எழுதி வைத்து, அடுத்த நாள் போடும் அதே நிறப் பேட்சின் 32 கிலோ தண்ணீரில் ஒரு பகுதியாகக் கழித்துக்கொள்ளலாம். இரண்டாம் கழுவலின் நீரை ஒரு தொட்டியில் தேக்கிப் படிகாரம் கரைத்து ஊற்றினால், எமல்ஷன் துகள்கள் திரிந்து நிறமியோடு அடியில் படியும். மேலே தெளிந்த நீரைத் தரை கழுவப் பயன்படுத்தலாம். அதில் படிகார உப்பு இருப்பதால் பெயிண்டுக்குள் மட்டும் அதை எடுக்கக் கூடாது. அடியில் தங்கிய சேற்றை உலர்த்திச் சாக்கில் கட்டி, இசைவு ஆணையில் குறிப்பிட்டுள்ளபடி ஒப்படைக்க வேண்டும்.